என் ரத்தம் நூறு என்று வைத்துக்கொண்டால்

ஜூலை 21, திங்கள்

பகல் முழுவதும் இருட்டறை. ஜன்னலில் கறுப்புத் துணி, கதவிடுக்கில் கறுப்பு டேப். வெளியே ஆடிக்காற்று கதவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறது. உள்ளே ஒரு சின்னச் சிவப்பு பல்பு. குழாய்களுக்கு வெள்ளித்தாள் சுற்றிக்கொண்டே இருக்கிறேன். இந்தத் திரவங்கள் விசித்திரமானவை. கொஞ்சம் வெளிச்சம் பட்டால் நிறம் வரும். அதிகம் பட்டால் நிறமே அழிந்துவிடும்.

கடைசியில் புற ஊதா விளக்கின் கீழ் பிடிக்கும்போது ஒவ்வொரு குழாயும் மாதுளை முத்தாகச் சிவக்கிறது. மூன்று வருடமாகப் பார்க்கிறேன். அந்த நொடியில் இன்னும் மூச்சு நின்று வருகிறது.

ரத்தம் சிவப்பாக இருக்க உடம்பு எட்டுக் கைகளில் ஒரு வேலையை மாற்றி மாற்றிச் செய்கிறது. எட்டுக் கைகள் என்றால் எட்டு நொதிகள். நான் படிப்பது மூன்றாவது கையை. நான்கு சிறு மணிகளை ஒரு சரமாகக் கோத்து அடுத்த கையில் கொடுப்பது அதன் வேலை. சிலருக்குப் பிறவியிலேயே அது பாதி வேகத்தில்தான் ஓடும். வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஏதோ ஒரு மாத்திரை, அல்லது ஒரு நாள் பட்டினி. கோக்கப்படாத மணிகள் குவிந்துவிடும். வயிறு வலிக்கும். வயிற்றைத் திறந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. திறப்பதற்குக் கொடுக்கும் மயக்க மருந்திலேயே சில வகை அவர்களுக்கு விஷம்.

காலையில் என் ரத்தம் எடுத்தாயிற்று. இது எங்கள் ஆய்வகத்தின் வழக்கம். நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட ஆரோக்கியமான ஒருவரின் ரத்தம் வேண்டும். வெளியே யாரிடம் போய்க் கேட்பது? இருப்பவர்களில் இளையவர் கையை நீட்ட வேண்டும். பிரிட்டோ எனக்குப் பின்னால் சேர்ந்தவன்தான். ஆனால் தூத்துக்குடிக்காரனுக்கு ஊசியைக் கண்டால் கண் சொருகிவிடும். அதனால் மூன்று வருடமாக நான். என் ரத்தத்தின் வேகத்தை நூறு என்று வைத்துக்கொண்டு, மற்றவர்கள் அதில் எத்தனை என்று எழுதுவோம். பிரிட்டோ என்னை அப்படியே கூப்பிடுகிறான். "நூறு, டீ குடிக்கப் போவமா?"

இன்றைய குழாய் ரேணுகா என்ற பெண்ணுடையது. வயது இருபத்து நான்கு. பொள்ளாச்சிப் பக்கம். என் ஆய்வை வழிநடத்தும் மேடத்தின் கல்லூரித் தோழி ஒருவர் டாக்டர். அவர்தான் அனுப்பினார். மூத்திரப் பரிசோதனை தெளிவாக வரவில்லையாம், பாட்டில் எங்கோ வெயிலில் இருந்துவிட்டது. ஐஸ் பிளாஸ்க்கைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தவர் அவளுடைய அண்ணன் சென்னியப்பன். நார் மில்லில் வேலை. சட்டையெல்லாம் தேங்காய் நார்த் தூசு.

"ரெண்டு தடவ அட்மிட் பண்ணிட்டமுங்க. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லீங்கறாங்க. நடிக்கறாளான்னு அவ மாமியா கேக்கறாங்க. இனி வயித்தத் தொறந்து பாக்கறதா வேண்டாமான்னு நீங்க சொல்றதுலதானுங்க இருக்குது, அம்மிணி."

நான் குழாயை வாங்கிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது போல் தோன்றியது. பிளாஸ்க்கில் ஐஸ் இருந்தது. தோன்றியது, அவ்வளவுதான்.

ஜூலை 22, செவ்வாய்

ரேணுகா: தொண்ணூற்று நான்கு.

மேடம் என் முன்னாலேயே டாக்டருக்கு போன் செய்தார். என்சைம் நார்மல், இந்த நோய் இல்லை, வேறு காரணம் தேடுங்கள் என்றார். வராந்தாவில் நின்ற சென்னியப்பனிடம் நான் சொன்னேன். ரத்தம் நன்றாக இருக்கிறது என்றேன். அவர் கும்பிட்டார். அவருடைய முகத்தில் சந்தோஷம் இல்லை. ஒரு பெயர் கிடைத்துவிடும் என்று வந்தவர் பெயர் இல்லாமல் திரும்பினார்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மாவுக்காக விரதம், வெறும் தண்ணீர். மாலையில் வழக்கம்போல்.

ஜூலை 26, சனி

ஆய்வகம் போகவில்லை. ஹாஸ்டல் ஜன்னலுக்கு வெளியே மேற்கில் மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம் இருந்தது. பகலெல்லாம் தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. ஒரு ஆறு படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் படியில் யாரோ உட்கார்ந்து மணி கோத்துக்கொண்டிருந்தார்கள். ஊசியில் நூல் நுழையவில்லை. மணிகள் மடியில் நிறைந்து, தரையில் வழிந்து, ஆற்றின் நிறம் மாறியது. நான் கரையில் நின்று, அவசரமில்லை, மெதுவாகக் கோத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்த முகம் நினைவில் இல்லை.

முதுகு வரை இழுக்கிறது. வெந்நீர்ப் பை. மெஸ் சாம்பாரில் புளி அதிகம், இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பாத்ரூமில் ஒரு நிறம். மெஸ்ஸில் பீட்ரூட் பொரியல் போட்டிருப்பார்கள்.

ஜூலை 29, செவ்வாய்

எழுந்து போனேன். பார்சல் வந்திருந்தது.

போன வருடம் எங்கள் கட்டுரையைப் படித்த யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: ஒரு மாணவியின் ரத்தத்தை அளவுகோலாக வைப்பது எந்த ஊர் முறை? மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்காக வாங்கியதுதான் இது. மனித நொதி. தூய்மையானது, வேகம் அளந்து எழுதப்பட்டது.

பெட்டியைத் திறந்ததும் டிரை ஐஸ் புகை மேஜையிலிருந்து வழிந்து தரையில் நடந்தது. என் கணுக்கால்கள் மறைந்தன. பிரிட்டோ உள்ளே வந்து, சாமி படத்தில் தேவலோகம் காட்டுவார்களே, அந்த மாதிரி இருக்கிறது என்றான். அவ்வளவு பெரிய பெட்டிக்குள் சுண்டுவிரல் நுனி அளவு ஒரு குப்பி. அதன் அடியில் ஒரு சொட்டுத் தெளிந்த நீர்.

இதை நினைத்துக்கொண்டே மாலை வரை இருந்தேன். மனித நொதி என்கிறோம். எந்த மனிதருக்குள்ளும் இது இருந்ததில்லை. யாரோ ஒருவரின் மரபணுவை நகலெடுத்து பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். அது படிக்கத் தெரியாத பாஷையில் எழுதியதைப் பார்த்து எழுதும் பிள்ளை மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டது. இந்த நொதிக்குப் பசித்ததில்லை. இதற்கு அம்மா இல்லை, வெள்ளிக்கிழமை இல்லை. வலிக்கவும் வலிக்காது. அப்பழுக்கில்லாத ஒரு மூன்றாம் கை, உடம்பு இல்லாமல்.

லேபிளில் வழக்கமான வாசகம்: ஆய்வுக்கு மட்டும்.

ஜூலை 30, புதன்

குப்பியிலிருந்து எடுத்ததைப் பல அளவுகளில் கரைத்து வைத்தேன். விளக்கின் கீழே வெளிர் சிவப்பிலிருந்து அடர் சிவப்பு வரை படிக்கட்டு மாதிரி ஏறியது. இத்தனை நொதி இருந்தால் இத்தனை சிவப்பு என்று இப்போது கண்ணால் சொல்லலாம். அந்தப் படிக்கட்டில் ஒவ்வொரு ரத்தமும் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். யாரையும் நூறு என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆரோக்கியமான ரத்தம் முப்பதைத் தாண்டி நிற்கும் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது.

ரேணுகா: பதினாறு. நான்: பதினேழு.

கருவியை அணைத்துப் போட்டேன். மறுபடி அதே எண்.

ஜூலை 31, வியாழன்

மேடத்திடம் படிக்கட்டைக் காட்டினேன். என் எண்ணைக் காட்டும்போது என் பெயரைச் சொல்லவில்லை. கன்ட்ரோல், ஒப்பிட வைத்த ரத்தம், என்று மட்டும் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்சல் சனி ஞாயிறு குடோனில் கிடந்திருக்கும், ஐஸ் கரைந்து நொதி பாதி செத்திருக்கும், கம்பெனிக்கு எழுது என்றார். எழுதினேன். எழுதும்போது நிம்மதியாக இருந்தது.

மதியம் பிரிட்டோ மெஸ்ஸைத் திட்டினான். பத்து நாளாக முட்டைக்கோஸ், முட்டைக்கோஸ். வேறு காய் விளையவே இல்லையா இந்த ஊரில் என்றான். நான் தட்டைக் கழுவப் போனேன்.

சாயங்காலம் சென்னியப்பன் என் நம்பருக்கே கூப்பிட்டார். ரேணுகாவுக்கு மறுபடியும் வலி, மறுபடியும் அட்மிட். கால் வேறு மரத்துப் போகிறதாம். ரத்தம் நார்மல் என்று வந்துவிட்டதால் இனிக் காத்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். திங்கள்கிழமை வயிற்றைத் திறக்கிறார்கள்.

"நீங்க நார்மல்னு சொன்னதுதானுங்க தைரியம்" என்றார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையில் அம்மா கூப்பிட்டாள். விரதம்தானே என்றாள். ஆமாம் என்றேன். சொல்லிக்கொண்டே மூன்றாவது இட்லியைச் சாப்பிட்டேன். சர்க்கரை தொட்டுக்கொண்டு.

நடந்து போகும்போது தோன்றியதை எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் எழுத மாட்டேன்.

எடைக்கல் தேய்ந்துபோனால் என்ன ஆகும்? கல்லில் ஒரு கிலோ என்றுதான் இருக்கும். முக்கால் கிலோ அரிசியைப் போட்டாலே தராசு சமமாகிவிடும், முக்கால் கிலோவை ஒரு கிலோ என்று நம்புவோம். கல் தேய்ந்தால் அரிசி அதிகமாகத்தான் தெரியும். குறையாது.

நொதி பாதி செத்திருந்தால் எங்கள் எண்கள் கூடியிருக்க வேண்டும். குறைந்திருக்கின்றன.

குப்பியில் கோளாறு இல்லை.

பிரிட்டோவைத் தேடிப் போனேன். உன் ரத்தம் வேண்டும் என்றேன். அவன் சிரித்தான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் இருந்த தனிம அட்டவணையை ஹைட்ரஜனிலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான். சோடியம் வரும்போது முடித்துவிட்டேன். மயங்கவில்லை. ஆனால் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி கொஞ்ச நேரம் கடவுளோடு பேசிக்கொண்டிருந்தான்.

இருட்டறையில் மூன்று குழாய்கள். ரேணுகாவின் ரத்தம் உறைபெட்டியில் மீதம் இருந்தது. அதை நடுவில் வைத்தேன். விளக்கைப் போட்டேன். எண்ணைப் பார்க்கவே தேவையில்லை. இரண்டு குழாய்கள் ஒரே மாதிரி, நீர் விட்ட ரோஸ்மில்க் மாதிரி வெளிறி. மூன்றாவது மட்டும் மாதுளை.

 அந்த இருட்டில் அவளும் நானும் பக்கத்தில் பக்கத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தோம். இதுவரை நான் பார்த்திராத ஒரு பெண். என் முதல் வருடத்தில், அதுவரை நூறாக இருந்தவருக்குப் பதில் நான் வந்ததும் நூறின் சிவப்பு சட்டென்று குறைந்தபோது புதுக் கருவி, அப்படித்தான் காட்டும் என்று பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. கருவி பாவம்.

பிரிட்டோ தலையை உள்ளே நீட்டினான். அவனுடையது முப்பத்து நான்கு என்றேன்.

"அப்ப நான் எரநூறா?" என்று சிரித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது. அவனும் கெட்டிக்காரன்தான்.

ஆகஸ்ட் 2, சனி

அம்மாவிடம் அத்தையைப் பற்றிக் கேட்டேன். அப்பாவின் தங்கை, நான் பிறப்பதற்கு முன்னால் போனவள். எங்கள் வீட்டில் அவளுடைய போட்டோ பீரோவுக்குள் இருக்கும், சுவருக்கு வராது.

"அப்பெண்டிக்ஸ்னு கிழிச்சாங்க. அது நல்லாத்தான் இருந்துச்சாமா. மயக்கம் தெளியவே இல்ல, மூணு நாள்ல முடிஞ்சுது. எதுக்குடி இப்பக் கேக்கற?"

சும்மா என்றேன். அம்மா அதை நம்பவில்லை. சாப்பிட்டாயா என்றாள்.

மேடத்தின் வீட்டுக்குப் போனேன். விடுமுறை நாளில் யாரும் போவதில்லை. கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். கன்ட்ரோல் என்ற சொல்லுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டதையும், பிரிட்டோவின் எண்ணையும், எடைக்கல்லையும். கத்தி நின்றுவிட்டது. மூன்று வருடக் கட்டுரைகள் அவர் கண்ணில் ஒவ்வொன்றாகக் கடந்து போவதை என்னால் பார்க்க முடிந்தது. எனக்கே மேலே சொல்லப் பயமாக இருந்தது.

திங்கள்கிழமை ஐந்து பேரிடம் ரத்தம் எடுத்து முறையாகத் திரும்பச் செய்யலாம் என்றார். பிரிட்டோ ஒருவன்தானே, அவனே இயல்புக்கு மேலாக இருக்கலாமே. திங்கள்கிழமை ஆபரேஷன் என்றேன். அவருக்கும் தெரியும்.

"ஒரு குப்பிய நம்பி எப்படிம்மா? லேபிள்ல என்ன போட்டிருக்கு? ஆய்வுக்கு மட்டும். அத வெச்சு ஆபரேஷன நிறுத்துன்னு ஒரு டாக்டர்கிட்டச் சொல்ல முடியுமா?"

"என் ரத்தத்த வெச்சுத்தானுங்களே மேடம் பண்ணுன்னு சொன்னோம்."

மேடம் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தயக்கம்தான் இருந்தது. நியாயமான தயக்கம். ஒரு எண்ணுக்கு எதிராக இன்னொரு எண், அவ்வளவுதானே எங்களிடம் இருந்தது. அவர் கை போன் பக்கம் போய்த் திரும்பி வந்தது. அந்தக் கை மறுபடி போக வேண்டும் என்றால் எண்ணுக்கு மேலே ஏதாவது வேண்டும். அது என்னிடம் இருந்தது. இந்த நாட்குறிப்பில்கூட நான் வைக்காத ஒன்று.

"எனக்கும் வலிக்குதுங்க, மேடம்."

பிறகு நிறுத்த முடியவில்லை. பத்தொன்பது வயதிலிருந்து. பட்டினி கிடந்தால். மாத விலக்குக்கு முந்தின வாரம். வாந்தி. முதுகு வரை. சில நாள் சுவர் மெல்ல மூச்சு விடுவது போல் இருக்கும், யாரிடமும் சொன்னதில்லை. போன சனிக்கிழமை பாத்ரூமில், மூத்திரத்தில் பார்த்த சிவப்பு நிறம். அது என்ன நிறம் என்று இந்த ஊரிலேயே எனக்கும் உங்களுக்கும்தான் நன்றாகத் தெரியும் என்றேன். அத்தை. பீரோவுக்குள் இருக்கும் போட்டோ.

மேடம் எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். மூன்று வருடமாக ஊசி போட்ட கை.

"படிச்சுக்கிட்டே இருந்தியேம்மா, இத்தன நாளா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. பிடித்த கையை விடாமலே மற்றொரு கையால் டாக்டரைக் கூப்பிட்டார்.

நாங்கள் சொன்னது தவறு என்றார். எங்கள் நூறு தவறு என்றார். அந்தப் பக்கம் சத்தம் அதிகமாக இருந்தது. மேடம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கடைசியில், அந்தப் பெண்ணுக்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டு, ஒன்றிரண்டை நிறுத்தச் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். புதிதாக மூத்திரம் எடுத்துக் கறுப்புத் தாள் சுற்றி அனுப்பச் சொன்னார். போனை வைத்துவிட்டுக் கத்தரிக்காய் பக்கம் திரும்பினார். நறுக்கியதெல்லாம் கறுத்துப் போயிருந்தது.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மூத்திரம் வந்தது. பார்த்தோம். சந்தேகமில்லை. ஆபரேஷன் இல்லை.

என்னுடையதும் பார்த்தார் மேடம். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். காற்று. ஒரு மரத்திலிருந்து இலைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன.

ஆகஸ்ட் 4, திங்கள்

டாக்டர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் ஜன்னலோரம். தூறல். எதிரே வந்த ஊர்கள் எல்லாம் தண்ணீருக்கடியில் இருப்பது போல் அசைந்தன. எனக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியும், அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பாடத்தில் வரும் சொல்லாகவே இருந்தது. என்னுடைய சொல்லாக ஆக நாளாகும் போல.

சென்னியப்பன் வார்டு வாசலிலேயே நின்றார்.  நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கவனிக்காத மாதிரி, டீ சாப்பிடறீங்களா என்றார். அப்புறம் பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, நீங்கள் உங்களைப் பற்றிச் சொன்னதால்தான் நிறுத்தினார்கள் என்று டாக்டரம்மா சொன்னார், கல்யாணமாகாத பிள்ளை, வெளியே சொல்லக் கஷ்டமாக இருந்திருக்கும் என்றார். அப்படி ஒரு கஷ்டம் இருப்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ரேணுகா நான் நினைத்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். கையில் குளுக்கோஸ். உதடு வெடித்திருந்தது. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். மாமியார் கூடையிலிருந்து ஆரஞ்சு எடுத்து உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டார்.

"அவிங்க ரெண்டு நாளா எங்கிட்டப் பேசறதில்லீங்க. நடிக்கறேன்னு சொன்னாங்கல்ல" என்றாள். குரலில் கொஞ்சம் குஷி இருந்தது. "அண்ணன் சொல்லுச்சு, உங்க ரத்தமும் எங்க ரத்தமும் ஒரே அளவாமா. வெளக்குல காட்டுனா ஒரே கலராமா. நெசமாங்க?"

நிஜம் என்றேன்.

"அப்ப நீங்க எனக்கு என்ன முறையாகோணும்?"

 எனக்குத் தெரிந்த எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. அவள் என் வயதைக் கேட்டாள். இருபத்தேழு என்றேன்.

"அப்ப அக்கா" என்று முடித்துவிட்டாள். குழாய் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள். உட்கார்ந்தேன். சொட்டு இறங்குவதைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏங்க்கா, அது வர்றப்ப நீங்க என்ன பண்ணுவீங்க? நான் குப்புறப் படுத்துக்குவேன். தலகாணிய இங்க வெச்சு அமுக்கிட்டு. யாருகிட்டச் சொன்னாலும் அது எப்படி இருக்குமின்னு புரியறதில்ல."

எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அது போதாது என்று தோன்றியது. அவள் காத்திருந்தாள்.  என் வலியைத் தொப்புளுக்குக் கீழே, இடது பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன்.